ஆராய்ச்சி மணியின் கயிறு

அநுராதபுரத்திலே 44 ஆண்டுகள் அரசு புரிந்தவன் எல்லாளன். அவனை வென்ற துட்டகைமுனுவின் பெருமையைப் பேசும் மகாவம்சமே, தோற்ற அரசனின் நீதியையும் மறையாது கூறுகின்றது. எல்லாளனின் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு நீண்ட கயிறு தொங்கியது. நீதி வேண்டி வருவோர் யாவரும் அதனை இழுக்கலாம். கன்றைத் தேர்க்காலிற் பறிகொடுத்த பசு வந்து இழுத்தது. தேரிற் சென்றவன் தன் மகனே என்று அறிந்தும் அரசன் தண்டித்தான். பனைமரத்திலிருந்த குஞ்சைப் பாம்புக்கு இழந்த தாய்ப்பறவை இழுத்தது. உலரப் போட்ட அரிசியைக் காலமல்லாக் காலத்து மழை நனைத்துவிட்டதென்று ஒரு கிழவி இழுத்தாள்; மழை உரிய காலத்திற் பெய்யவேண்டுமென்று அரசன் நோன்பிருந்தான்.

இக்கதையைச் சிறு வயதிற் கேட்டபோது நாம் மணியை வியந்தோம். வயது ஏற ஏற எனக்கு வியப்பாகத் தோன்றுவது கயிறுதான். மணி அரசனின் காதருகே இருக்கின்றது. கயிற்றின் நுனியோ எளியவரின் கைக்கு எட்டுமிடத்தில் இருக்கின்றது. அரசனின் உறக்கத்தைக் கலைக்கும் உரிமையை அரசனே ஒரு கிழவியின் கையிற் கொடுத்துவிட்டான். கயிறில்லாத மணி அரண்மனைக்கு அழகு தரலாம். நாட்டுக்கு நீதி தராது.

இந்தக் கயிறு இன்று எங்கே தொங்குகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணுக்குத் தெரியாத சபைகள்

இன்று நம் ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் கூடிப் பேசுகின்ற சபைகளிற் பல, கூரையும் சுவரும் இல்லாத இணையச் சபைகள். ஓர் ஊரின் வாசிகசாலையிலே முப்பது பேர் கூடி உரையாடிய இடத்தில், இன்று பல நாடுகளிற் சிதறி வாழும் முப்பதினாயிரம் பேர் ஒரே குழுவிற் கூடுகின்றனர். அத்தகைய குழுக்களின் வாசலிலே நிற்பவரை மட்டுறுத்துநர் என்று அழைக்கின்றோம். தகாதது என்று கருதும் எழுத்தை அவர் நீக்கலாம். எழுதியவரின் வாயைச் சில நாட்களுக்கு அடைக்கலாம். அவரைச் சபையிலிருந்தே வெளியேற்றலாம்.

அவர் வேண்டாதவர் என்று கூறுவார் நாட்டின் அண்மை வரலாற்றை மறந்தவராவர். 2018 மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது, வெறுப்பு மொழி தடையின்றிப் பரவிய பாதைகளில் ஒன்று பேஸ்புக். அந்நிறுவனமே ஒரு சுயாதீன ஆய்வை நடத்துவித்து, 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. ஆகவே, காவலனில்லாத வாசல் எத்தகையது என்பதை நாம் கண்டு அனுபவித்தவர்கள். காவலன் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஐயம் வேறிடத்திலே தோன்றுகின்றது. காவலன் ஆளைத் தவறாக இனங்கண்டால் என் செய்வது? களங்கமற்ற எழுத்தை நஞ்சென்று எண்ணி வீசிவிட்டால், எழுதியவன் எங்கே போய் முறையிடுவான்?

மதுரையிலே இரண்டு வழக்குகள்

இக்கேள்வி புதியதன்று. மதுரை மாநகரைச் சுற்றி நம்மவர் கூறிவந்த கதைகளில் இரண்டு இதனையே கருப்பொருளாகக் கொண்டவை.

முதலாவது நக்கீரர் கதை. திருவிளையாடற் புராணம் அதனை விரித்துரைக்கின்றது. பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்குப் பொற்கிழி என்று அறிவிக்கப்பட்டது. வறியவனான தருமி, இறைவன் தந்த பாடலைச் சபைக்குக் கொணர்ந்தான். நக்கீரர் அதிலே பொருட்குற்றம் கண்டு தடுத்தார். தருமி கோயிலிற் போய் முறையிட்டான். அதுவே மேன்முறையீடு. பாடலைத் தந்தவர் புலவர் வடிவிற் சபைக்கு வந்து, குற்றம் யாது என்று கேட்டார். நக்கீரர் மழுப்பவில்லை, இது குற்றம், இதனாற் குற்றம் என்று விளக்கினார். மறுகேள்விகள் எழுந்தன, ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். நெற்றிக்கண் திறந்த பின்னரும் தம் கருத்தினின்று வழுவவில்லை.

நக்கீரரின் அஞ்சாமையைப் புகழாத தமிழரில்லை. ஆயின் அதனினும் நுட்பமான சிறப்பொன்று அவரிடம் உண்டு. அவர் காரணம் கூறினார். காரணம் கூறப்பட்டபடியாலேயே அங்கு ஒரு வாதம் நிகழ்ந்தது. கண்ணைத் திறந்தவரோ அந்த வாதத்தை விட்டு வலிமையைத் துணைகொண்டார். வலிமையாற் பெறும் வெற்றி மேன்முறையீட்டின் வெற்றியாகாது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குற்றங் கண்டவரே முறையீட்டுக்கும் விடை கூறினார். தன் தீர்ப்பைத் தானே மீளாய்வு செய்யும்போது, நக்கீரரைப் போன்ற நேர்மையாளருக்கும் தம் கருத்தே நியாயமாகத் தோன்றுவது மனித இயல்பு.

இரண்டாவது வழக்கு கண்ணகியுடையது. பொற்கொல்லனின் சொல்லை நம்பி, மறுபக்கத்தைக் கேளாமலே பாண்டியன் தண்டனைக்கு ஆணையிட்டான். கண்ணகி வாயிலில் வந்து நின்றாள். அவன் வாயிலை அடைக்கவில்லை, உள்ளே வரவிட்டான். தேவியின் சிலம்பிலே முத்து, தன் சிலம்பிலே மாணிக்கம் என்ற ஒரேயொரு சான்றை அவள் வைத்தாள். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, கள்வன் தானே என்று அரசன் ஒப்புக்கொண்டு உயிர் துறந்தான். முறையீட்டைச் செவிமடுத்ததிலும், சான்றின் முன் பணிந்ததிலும் அவன் உயர்ந்தவனே. ஆயினும் கோவலன் மீளவில்லை. திருத்தமுடியாத தண்டனைக்குப் பின்னர் வரும் மேன்முறையீடு, நீதியின் இரங்கற்பாவாக மட்டுமே ஒலிக்கும்.

இவ்விரு வழக்குகளிலிருந்து நான்கு நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். காரணம் கூறப்பட வேண்டும். இருதரப்பும் கேட்கப்பட வேண்டும். முதலிற் தீர்ப்பளித்தவரல்லாத வேறொரு செவி வேண்டும். பிழை தெரிந்தால் திருத்தக்கூடிய நிலையில் தண்டனை இருக்கவேண்டும்.

இன்றைய கயிறுகள்

இந்நெறிகளை இணையச் சபைகள் எவ்வளவிற்குக் கைக்கொள்கின்றன?

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை முதலில் நோக்குவோம். அதனை எழுதுவோரும் காப்போரும் தொண்டர்களே. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் தடைசெய்யப்பட்டால், கட்டுரைகள் எதிலும் அவர் கைவைக்க இயலாது. ஆனாற் தம் பெயருக்குரிய பேச்சுப் பக்கத்தில் எழுதும் உரிமை வழக்கமாக விட்டுவைக்கப்படுகின்றது. அங்கே அவர் தடைநீக்கம் கோரலாம். தடைவிதித்த நிருவாகி அல்லாத இன்னொரு நிருவாகி அதனை ஆராய்கின்றார். வெளியேற்றப்பட்டவனின் கையிலும் கயிற்றின் நுனியை விட்டுவைக்கும் இந்த ஏற்பாடு எல்லாளனுக்கு உவப்பானதாக இருந்திருக்கும். சிக்கலான பிணக்குகளுக்கென்று ஒரு நடுவர் குழுவும் உண்டு. நிறுவுநர் ஜிம்மி வேல்ஸ் 2003ஆம் ஆண்டின் இறுதியில் அதனை அறிவித்தார். இப்பொழுது அதன் உறுப்பினரைத் தெரிவு செய்வோர் அங்கு எழுதுகின்றவர்களே.

பெருநிறுவனங்கள் இவ்வழிக்கு வரக் காலம் சென்றது. 2018ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சான்டா கிளாரா நகரின் பெயரைத் தாங்கிய கோட்பாடுகள் வெளிவந்தன. உரிமை இயக்கங்களும் அறிஞரும் வகுத்த அவை மூன்றே சொற்களில் அடங்கும்: எண்ணிக்கை, அறிவித்தல், மேன்முறையீடு. எத்தனை பதிவுகளை நீக்கினீர்கள் என்று உலகுக்குச் சொல்லுங்கள்; ஏன் நீக்கினீர்கள் என்று எழுதியவருக்குச் சொல்லுங்கள்; முதல் முடிவிற் பங்குகொள்ளாத மனிதர் ஒருவரைக் கொண்டு மீளாய்வு செய்யுங்கள்.

2020ஆம் ஆண்டிலே பேஸ்புக் நிறுவனம் மேற்பார்வைச் சபை ஒன்றை அமைத்தது. பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் எழுத்தை இழந்தோர், நிறுவனத்தினுள் முறையிட்டுத் தோற்ற பின்னர் இச்சபையை நாடலாம். ஒரு பதிவு நிற்பதா நீங்குவதா என்பதிற் சபையின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். கொள்கைகளை மாற்றுமாறு கூறும் ஆலோசனைகள் கட்டுப்படுத்தா. குவியும் முறையீடுகளிற் சிலவற்றையே அது தெரிந்தெடுத்து ஆராய்கின்றது. ஆகையால் இதனை முழு நீதிமன்றம் என்று கொண்டாடுவதற்கில்லை. எனினும் அதன் முன் வந்த வழக்குகள் சில நமக்குப் பெரிய பாடம் புகட்டுகின்றன.

பிரேசிலில் ஒரு பெண் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைப் பிறர் அறியும்பொருட்டுப் படங்களை வெளியிட்டார். நிருவாணம் என்று கணித்து அவற்றை நீக்கியது மனிதரல்லர்; தானியங்கும் பொறி. சபை வழக்கை எடுத்துக்கொண்டதும், பிழை நேர்ந்துவிட்டது, படங்களை மீட்டுவிட்டோம், இனி வழக்கெதற்கு என்றது நிறுவனம். சபை விடவில்லை. 2021 ஜனவரியில் தீர்ப்பளித்து, பொறியின் முடிவை மனிதர் மீளாய்வு செய்யும் வழி வேண்டுமென்று வற்புறுத்தியது. உயிர் காக்கும் அறிவையும் ஆபாசத்தையும் பகுத்தறிய வல்லது மனிதக் கண்ணே.

அதனினும் வியப்பானது 2021 ஜூலையில் முடிவான வழக்கு. துருக்கியிற் சிறையிருக்கும் குர்திஷ் தலைவர் அப்துல்லா ஒஜலானின் தனிமைச் சிறைவாசத்தைப் பற்றிப் பேசுவோம் என்று ஒருவர் எழுதிய பதிவு நீக்கப்பட்டது. அபாயகரமான மனிதர் ஒருவரை ஆதரித்தமை குற்றம் என்றனர். வழக்குச் சபைக்குச் சென்ற பின்னரே நிறுவனம் தன் பழைய ஏடுகளைப் புரட்டியது. அத்தகையோரின் சிறைநிலையைப் பற்றி விவாதிப்பது குற்றமாகாது என்று 2017இல் அந்நிறுவனமே வகுத்த வழிகாட்டல் ஒன்று, 2018இல் வேறொரு முறைமைக்கு மாறியபோது விடுபட்டுப் போயிருந்தது. மூன்று ஆண்டுகளாகத் தன் விதி ஒன்று காணாமற்போனதை விதி வகுத்தவர்களே அறியவில்லை! ஒரு தனிமனிதரின் முறையீடு அதனைக் கண்டெடுத்தது.

என் கருத்தின் சாரம் இவ்வழக்கில் அடங்கியிருக்கின்றது. மேன்முறையீடு என்பது தண்டிக்கப்பட்டவனுக்குக் காட்டும் கருணை என்று பலர் கருதுகின்றனர். உண்மையிலோ அது தீர்ப்பளிப்பவனுக்கு வாய்த்த கண்ணாடி. தன் முகத்திற் படிந்த கரியை அவன் அதிலேதான் காணமுடியும். கண்ணகி வாராதிருந்தால், தான் பிழைத்ததை அறியாமலே பாண்டியன் நெடுங்காலம் நீதிமானாக வாழ்ந்திருப்பான்.

வலியவருக்கும் இவ்வுரிமை உண்டு என்பதற்கு டொனால்ட் ட்ரம்பின் வழக்குச் சான்று. 2021 ஜனவரி 7ஆம் திகதி பேஸ்புக் அவரை இடைநிறுத்தியது. மே மாதத்தில் சபை அத்தடையைச் சரியென்றே ஏற்றது. ஆனால் எல்லையில்லாத காலத்துக்கு என்று விதித்தமை தவறென்றது. நிறுவனத்தின் விதிகளில் இல்லாத தண்டனையை எவருக்கும் விதித்தல் ஆகாது என்பதே அதன் பொருள். பின்னர் நிறுவனம் ஈராண்டு என்று எல்லை வகுத்தது.

ஐரோப்பாவிலே இவ்வுரிமை சட்டமாகியுமுள்ளது. 2024 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த எண்ணிமச் சேவைகள் சட்டம், பதிவை நீக்கினாற் காரணத்தை எழுதிக் கொடுக்கவேண்டும் என்கிறது. பெருந்தளங்கள் குறைந்தது ஆறு மாதங்கள் முறையீட்டுக்கு இடமளிக்கவேண்டும் என்கிறது. அம்முறையீட்டைப் பொறியிடம் மட்டும் விட்டுவிடலாகாது என்றும் கட்டளையிடுகின்றது.

மொழியறியா நடுவர்

தமிழராகிய நாம் சிந்திக்கவேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. நம் எழுத்தைத் தீர்ப்பவர் நம் மொழியை அறிவாரா?

மியன்மாரிலே பர்மிய மொழியில் எழுதப்பட்ட ஒரு பதிவு வெறுப்பு மொழி என்று நீக்கப்பட்டது. மேற்பார்வைச் சபை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு அவ்வாக்கியத்தை மீண்டும் ஆராய்ந்தது. நிறுவனம் கொண்ட பொருளும் மூலத்தின் பொருளும் சிறிது வேறுபட்டன. சந்தர்ப்பத்தையும் நோக்கி, பதிவை மீட்குமாறு 2021இல் சபை பணித்தது. மற்றுமொரு வழக்கிற் பஞ்சாபி மொழிப் பதிவொன்று நீக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் மூன்று கோடி மக்கள் பேசும் அம்மொழியில் நிறுவனத்தின் விதிகள் அன்று மொழிபெயர்க்கப்படவேயில்லை என்பதைச் சபை எடுத்துக்காட்டியது. படிக்கமுடியாத விதியை மீறினாய் என்று ஒருவனைத் தண்டிப்பது எவ்வகை நீதி?

தமிழிலே ஓர் அசை மாறினாற் பொருள் மாறும். வஞ்சப் புகழ்ச்சி எங்கள் அணியிலக்கணத்தில் ஓர் உறுப்பு. புகழ்வதுபோற் பழிப்பதையும், பழிப்பதுபோற் புகழ்வதையும் இரசித்துப் பழகிய இனம் எழுதும் வாக்கியத்தை, சொல்லுக்குச் சொல் பொருள் காணும் பொறியொன்று எங்ஙனம் நிறுக்கும்? பிழைகள் நேரத்தான் செய்யும். பிழை நேரும் இடத்திலேதான் கயிறு இன்னும் நீளமாகத் தொங்கவேண்டும்.

முறையிடும் முறை

உரிமையைப் பேசும்போது கடமையையும் பேசவேண்டும். கயிற்றை இழுப்பவருக்கும் ஓர் ஒழுங்குண்டு. நீக்கப்பட்ட மறுகணமே சினந்து எழுதும் முறையீடு பெரும்பாலும் தோற்கின்றது. மட்டுறுத்துநரின் குலம் கோத்திரத்தை ஆராய்வதும், பிறன் செய்தபோது ஏன் விட்டீர் என்று வினவுவதும், நண்பர் கூட்டத்தைத் திரட்டி முற்றுகையிடுவதும் நெற்றிக்கண்ணைத் திறக்கும் முயற்சிகளே. விக்கிப்பீடியா தன் தொண்டருக்கு வகுத்த வழிகாட்டலும், பிறர் குற்றத்தை விடுத்து உன் செயலைப் பற்றியே பேசு என்கின்றது. கண்ணகி கண்ணீருடனும் சினத்துடனும் வந்தாள். ஆயினும் வழக்கை வென்றது அவள் கையிலிருந்த சிலம்பே. எந்த விதி, என் எழுத்தில் எந்த இடம், அவ்விடத்தின் பொருள் யாது, நான் கோருவது என்ன என்ற நான்கையும் கூறும் சிறு கடிதம் போதும். தன் பக்கத்திற் பிழையிருந்தால் அதனை முதலில் ஒப்புக்கொள்பவனின் சொல்லுக்கு எடை கூடும்.

இதனை நான் ஏட்டிற் படித்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறு வாசகர் வட்டத்தின் இணையக் குழுவுக்கு நானும் மட்டுறுத்துநராக இருந்தேன். எல்லாரும் பாராட்டிய புதுக்கவிதை ஒன்றை, அதற்கு முன் வெளிவந்த இன்னொரு கவிதையின் அருகே வைத்து, இரண்டும் ஒத்திருப்பதை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்துக்காட்டியிருந்தான். கவிஞரைப் புண்படுத்தும் தாக்குதல் என்று எண்ணி அப்பதிவை நீக்கினேன். காரணம் கூறவில்லை. கூறவேண்டும் என்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. “ஐயா, என் பதிவிலே கவிஞரை இழிவுசெய்யும் சொல் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு கவிதைகளையும் வெளிவந்த ஆண்டுகளுடன் வைத்தேன். நான் மீறிய விதி எதுவென்று சொன்னால் திருத்திக்கொள்வேன்.” அவ்வளவுதான்.

என் முதலுணர்ச்சி சினம். இந்தப் பிள்ளை என்னையா கேள்வி கேட்பது என்ற சினம். கடுமையான பதிலொன்றை எழுதியும் விட்டேன். அனுப்புமுன், என்னுடன் பணியாற்றிய இளைய ஆசிரியை ஒருவரிடம் கடிதத்தையும் பதிவையும் காட்டினேன். அம்மாணவனை அவர் அறியார். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்த விதி, சேர்?”

என்னிடம் விடை இருக்கவில்லை. பதிவை மீட்டு, நீக்கியது என் பிழை என்று அதன் கீழே எழுதினேன். அன்றிரவு தொடங்கிய விவாதம் ஒரு கிழமை நீடித்தது. அது களவு என்றனர் சிலர். எதிரொலி என்றனர் வேறு சிலர். முன்னோர் சொல்லைப் பின்னோர் எடுத்தாளும் மரபைப் பற்றி ஒரு முதியவர் எழுதிய குறிப்பை நான் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கின்றேன். எது சரி என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. ஆனால் அந்த உரையாடல் முழுவதும் என் கையினால் மாண்டுபோக இருந்தது என்பதை நினைக்குந்தோறும் மனம் கூசுகின்றது. அந்த மாணவன் பேசாதிருந்திருந்தால் நான் நீதியானவன் என்றே இன்றும் நம்பிக்கொண்டிருப்பேன்.

அவனைப் போல் எழுதத் துணியாமல், ஒரு முறை தள்ளப்பட்டதும் பேனாவை மூடிவிட்ட மாணவர் எத்தனை பேரோ! அவர்களின் மௌனத்தை எந்த மட்டுறுத்துநரும் காண்பதில்லை. சபையும் காண்பதில்லை. இழப்பு மட்டும் சபையினுடையது.

ஆசிரியர்களே, இலக்கிய வட்டங்களை நடத்தும் அன்பர்களே, நம்மிற் பலர் இன்று ஏதோ ஒரு சிறு சபையின் வாசலிலே நிற்கின்றோம். வாசலைக் காப்போம், அது நம் கடமை. தள்ளப்படும் ஒவ்வோர் எழுத்துடனும் காரணத்தை ஒரு வரியிலாவது எழுதுவோம். முறையீடு வந்தால் வேறொரு செவியிடம் கொடுப்போம். எல்லாளனின் மணி எந்த அளவினது என்பதில் எனக்கு அக்கறையில்லை. அதன் கயிறு ஒரு கிழவியின் கைக்கு எட்டியது என்பது போதும்.